மெஸ் கணக்கு

ஐயா, வணக்கம்.

வெளிமாநிலத்தில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து 12 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கினார். கட்டணம் மட்டுமல்ல, விடுதி, மெஸ், புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான். ஒரு தேநீர் குடித்தாலும் வீட்டிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்து விற்றதுபோல இருக்கிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறேன். படிக்கும்போதே வட்டி கட்டினால் ஒரு சதவீதம் வரை சலுகை என்பதால், இரவு மெஸ்ஸை நிறுத்திவிட்டேன். கடன் வாங்கிச் சாப்பிடுவது தவறா? படித்து முடித்ததும் நீதிமன்றமா, கார்ப்பரேட் நிறுவனமா, குடிமைப் பணித் தேர்வா என்றும் குழப்பம்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஒரு சதவீதத்துக்காக இரவுச் சோற்றை விடுபவரை நம்பி நாளை எந்தக் கட்சிக்காரர் வழக்கைக் கொடுப்பார்? விடுதியும் உணவும் கல்விக் கடனில் ஒப்புக்கொள்ளப்பட்ட செலவுகள். வங்கியே இலை போட்டுத்தான் பணம் தந்திருக்கிறது. செங்கல் உவமை நன்றாக இருக்கிறது, கதை எழுத வைத்துக்கொள்ளுங்கள். குடிமைப் பணி பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

என்னைத் தைத்தது அந்த நோட்டு. என்னிடமும் ஒன்று இருந்தது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு படித்தவன் நான். அக்காவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, படிப்பு முடிந்தது. கறுப்பு அங்கி போட்ட பிறகுதான் பசி வந்தது. சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். கேஸ் கட்டுகளைச் சுமந்து, வாய்தா வாங்கி, இரவு பத்து மணிவரை மனு எழுதுவேன். தீபாவளிக்கு ஒரு கவர் வரும். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய சீனியர் அவருக்கு அந்தக் கவரைக்கூடக் கொடுத்ததில்லை. குமாஸ்தாவுக்கு மட்டும் மாதச் சம்பளம். மதியம் எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்தவர் அந்தக் குமாஸ்தாதான். ஒவ்வொரு சாப்பாட்டையும் எழுதி வைத்தேன்.

இதைப் பேசிப் பேசியே வக்கீல் நண்பர்களிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். நம் வக்கீல் தொழில், வீட்டில் நெல் இருந்தவர்களின் பிள்ளைகளுக்காக அமைந்தது. வழக்காடுபவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்கிறது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 49ஆவது விதி. தொழில் சோறு போட ஐந்தாறு வருடம் ஆகும். வங்கியோ படிப்பு முடிந்து ஓராண்டுதான் பொறுக்கும். 12 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி, பதினைந்து ஆண்டுத் தவணை என்று வைத்தால், படிப்புக் கால வட்டியைச் சேர்க்காமலே மாதம் சுமார் 12,900 ரூபாய். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு மாநில பார் கவுன்சிலுக்கு 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் கிட்டத்தட்ட அதே தொகையைச் சொன்னது, பரிந்துரையாக! பரிந்துரையைக் காட்டினால் எந்த மெஸ்ஸில் டோக்கன் தருவார்கள்? வக்கீலாகப் பதிவு செய்யும் பொதுப் பிரிவினரிடம் பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பந்தியின் கதவைத் திறந்தாயிற்று, உள்ளே இலைதான் இல்லை.

ஆகவே பயப்படுவதென்றால் அந்த வருடங்களுக்குப் பயப்படுங்கள், தேநீருக்கு அல்ல. சேர்வதற்கு முன்பே சீனியரிடம் மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். நான் வெட்கப்பட்டுக் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம் தொழிலை விட்டேன். நோட்டைக் கூட்டிப் பணத்தோடு குமாஸ்தாவிடம் போனேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அப்பளத்தையும் எழுதியிருக்கிறீர்களே, சார்" என்றார். பணத்தைத் தொடவில்லை. அதன்பின் என்னோடு பேசவும் இல்லை.

உங்கள் நோட்டு அப்பா கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று இரவு மெஸ்ஸுக்குப் போங்கள்.