மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்துபோகும் மளிகைப் பணம்

கேள்வி: வீட்டில் பெரியவர்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். மாதத் தொடக்கத்தில் மளிகை, காய்கறி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். தள்ளுபடி பார்த்துத்தான் எடுக்கிறோம். ஆனாலும் மூன்றாம் வாரத்தில் ஒதுக்கிய பணம் தீர்ந்து, மிச்ச நாட்கள் கிரெடிட் கார்டில் ஓடுகின்றன. சாப்பாட்டைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு இன்னும் மலிவான கடையைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பணம் ஒழுகும் இடம் பெரும்பாலும் குப்பைக்கூடைதான். ஒரு கிலோ காயின் விலை 100 என்று வையுங்கள். 20 சதவீதத் தள்ளுபடியில் 80-க்கு வாங்குகிறீர்கள். கால் கிலோ அழுகிப்போகிறது. சாப்பிட்டது 750 கிராம், கொடுத்தது 80. தள்ளுபடியே இல்லாமல் முக்கால் கிலோ மட்டும் வாங்கியிருந்தால் 75-தான் ஆகியிருக்கும்.

ஆகவே கெடாத பொருட்களை மாதம் ஒருமுறையும், கெடுகிற பொருட்களை வாரம் ஒருமுறையும் வாங்குங்கள். தொடக்கத்துக்கு மொத்தத் தொகையை 100 பங்காக வைத்து, 45 பங்கை உலர்பொருட்கள், எண்ணெய், சோப்பு வகைக்கும், 50 பங்கைக் காய், பழம், பால், முட்டை, இறைச்சிக்கும் ஒதுக்கி, 5 பங்கைத் தொடாமல் வையுங்கள். இரண்டு மாதம் போனால் உங்கள் வீட்டுக்கான விகிதம் தானாகத் தெரிந்துவிடும். அந்த 50-ஐ நான்கால் வகுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஆண்டுக்கு 52 வாரம். அப்படியானால் மாதத்துக்கு 4.33 வாரம். நான்கால் வகுத்தால் வாரத்துக்கு 12.5 வரும், 28-ஆம் தேதியோடு பணம் காலி, மிச்சம் இரண்டு மூன்று நாள் அந்தரத்தில் நிற்கும். 4.33-ஆல் வகுத்து, வாரத்துக்கு 11.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். தீரும் நாளையும் குறியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 12 நாளில் தீர்ந்தால், 30 நாளுக்கு இரண்டரை லிட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஐந்து லிட்டர் கேன் லாபமா என்பதற்கும் விடை கிடைக்கும்: அது இரண்டு மாதத்துக்கான சரக்கு. விலை குறைவாக இருந்தாலும், திறந்த பின் இரண்டு மாதம் சிக்கு வாடை வராமல் இருக்குமா என்று யோசிக்க வேண்டும். முழுத்தானிய மாவிலும் இதே சிக்கல். தவிட்டில் உள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடும். பருப்பும் சர்க்கரையும் ஈரம், பூச்சி படாமல் மூடிவைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். மொத்தமாக வாங்கத் தகுந்தவை அவைதான். விலையை 100 கிராமுக்கு எவ்வளவு என்று மாற்றி ஒப்பிடுங்கள். 500 கிராம் பாக்கெட் அதே விலையில் 450 கிராம் ஆகிவிட்டால், ஓசையில்லாமல் 11 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள்.

வாரச் சமையலைத் திட்டமிடும்போது வரிசை முக்கியம். பலர் முதலில் பட்டியல் எழுதி, வாங்கி வந்து, அப்புறம் என்ன சமைப்பது என்று யோசிக்கிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள்: முதலில் ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் பாருங்கள், இருப்பதை வைத்து உணவை முடிவு செய்யுங்கள், குறைகிறதை மட்டும் அளவோடு எழுதுங்கள். 'தக்காளி' என்றல்ல, 'தக்காளி முக்கால் கிலோ' என்று. இரவு உணவுகளில் ஐந்துக்கு மட்டும் திட்டம் போதும். ஒரு நாள் மீந்ததற்கு, ஒரு நாள் எதிர்பாராததற்கு. ஏழு நாளையும் நிரப்பிவிட்டால் ஒரு விருந்து, ஓர் உடம்புசரியில்லாத நாள் வந்தாலே வாங்கியது தேங்கிவிடும்.

கீரை, காளான் முதல் இரண்டு நாளில் முடியட்டும்; அடுத்து பீன்ஸ், தக்காளி; கேரட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்கு. கீரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் அழுகும். ஆப்பிளும் பழுத்த வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் உள்ள காய்களைப் பழுக்கவும் வாடவும் வைக்கும், தனியே வையுங்கள். சமைத்தது மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மூன்று நாள் வரை பயன்படுத்தலாம். மூடிமேல் தேதி எழுதி, கண்ணில் படும் முன்வரிசையில் வையுங்கள்; பின்னால் போன டப்பாவை யாரும் தேடுவதில்லை.

வாரத்துக்கு நடுவே 'பால் மட்டும்' வாங்கக் கடைக்குப் போகும் நடைகளையும் எண்ணுங்கள். அவசியமென்றால் அந்தத் தொகையை மட்டும் பணமாக எடுத்துப் போங்கள், கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தால், பல கார்டுகளில் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். போன மாதம் சாப்பிட்டு முடித்த சாப்பாட்டுக்கு இந்த மாதம் வட்டி கட்டுகிறீர்கள். அதனால் மாதக் கடைசியில் அந்த 5 பங்கு மிஞ்சினால் அடுத்த மாத மளிகையோடு சேர்க்காதீர்கள். பாக்கி தீரும்வரை அது கார்டுக்குத்தான் போக வேண்டும்.