ஸ்கிரிப்ட் தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தானே இன்ஸ்டால் செய்துகொள்வது சரியா?

ஆபீஸில் நிரல் தெரியாதவர்களுக்கு நீங்கள்தான் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "மாட்யூல் இல்லைன்னு வருது" என்ற போன் தினமும் வரும். அந்தத் தொல்லையைப் பட்டவன் நான். அதனால் செய்யவே கூடாது என்று ஒற்றை வரியில் சொல்ல மாட்டேன்.

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காக மாதக் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். லைப்ரரி இல்லையென்றால் அதுவே பிப் இன்ஸ்டாலை, அதாவது பைத்தான் லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கட்டளையை, ஓட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் ஒரு போன்கூட வரவில்லை. 2023 ஏப்ரலில், வருடக் கணக்கு முடிக்கிற நேரத்தில், அங்கே ஒரு அக்காவுக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். ஸ்கிரிப்ட், அட்டவணைகளைக் கையாளும் லைப்ரரியான பாண்டாஸின் அப்போதுதான் வந்திருந்த 2.0 பதிப்பை இறக்கிக்கொண்டது. அதில், அட்டவணையோடு வரிகளைச் சேர்க்கும் டேட்டாஃப்ரேமின் அப்பெண்டை எடுத்துவிட்டிருந்தார்கள்; அதை நம்பியிருந்த என் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்குப் போன். "தம்பி, நேத்து வரைக்கும் ஓடுச்சே, நான் எதையும் தொடலையே!"

அவர் சொன்னது உண்மை. பாண்டாஸ்காரர்களையும் குறை சொல்ல முடியாது, 1.4-லேயே எச்சரித்துவிட்டார்கள். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாதது என் தவறு. ஆனால் அன்று இரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. இதே வழியாக வேறு எது வந்திருந்தாலும் ஸ்கிரிப்ட் உள்ளே விட்டிருக்குமே! அதற்கு நாலு மாதம் முன்பு, 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, லினக்ஸில் பைடார்ச் என்ற ஏஐ லைப்ரரியின் நைட்லி பதிப்பை (தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பு) பிப் மூலம் நிறுவியவர்களுக்கு அதுதான் நடந்தது. அதற்குத் தேவைப்பட்ட டார்ச்ட்ரைட்டன் என்ற பேக்கேஜின் அதே பெயரில், பைத்தான் பேக்கேஜ்களுக்கான பொதுத் தளமான பைபிஐ-யில் யாரோ போட்டு வைத்திருந்த போலி இறங்கி, சர்வர்களில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகள் உட்பட ஹோம் கோப்புகளை வெளியே அனுப்பியது.

இம்போர்ட் பெயரை வைத்துப் பேக்கேஜ் பெயரை ஊகிக்கும் ஸ்கிரிப்ட் இன்னும் ஆபத்து. நீங்கள் இம்போர்ட் செய்வது சிவி2, நிறுவ வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான். ஊகிக்கிற பெயரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வைத்திருக்கலாம்.

"டாக்கர் போட வேண்டியதுதானே" (நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி) என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு: அக்கவுண்ட்ஸ் லேப்டாப்பில் டாக்கர் போட எனக்கு அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்தாயிற்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்கிரிப்ட் முழுக்க ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் உட்கார்ந்து எழுதியது. அந்த வருட அப்ரைசலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஏப்ரலில் நின்றுபோனதைப் பற்றி மட்டும் இருந்தது. இன்றுவரை அது வலிக்கிறது.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? பெப் 723 என்ற பைத்தான் தர விதிமுறைப்படி, ஸ்கிரிப்டின் தலையிலேயே பேக்கேஜ் பெயர்களையும் பதிப்புகளையும் எழுதி, யூவி என்ற நிறுவும் கருவியின் ரன் கட்டளை மூலம் ஓட்டச் சொல்கிறேன். அது தனிச் சூழலில் நிறுவிக்கொள்ளும், கணினியின் பைத்தானைத் தொடாது. எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று துல்லியமாகப் பதிந்த லாக் கோப்பும் கூடவே போகிறது. அதில் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) இருப்பதால் கோப்பு மாறியிருந்தால் நிறுவாது. அக்காவுக்கு எப்போதும்போல ஒரே கிளிக்தான். எக்ஸ்குளூட்-நியூவர் என்று ஒரு தேதியும் கொடுத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வெளியான எதையும் எடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியை நகர்த்தி, என் கணினியில் போன மாதக் கணக்கை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்கு அனுப்புகிறேன்.