கைட்டோசான் சோதனை: அமிலக் குழியிலும் வளையம் வந்தது ஏன்?

வணக்கம். இறால் ஓட்டிலிருந்து பிரித்த கைட்டோசானை 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சையைப் பரப்பிய அகர் (வளர்ப்புக் கூழ்) தட்டின் குழியில் இட்டபோது, ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்துக்கு இணையான, பூஞ்சை வளராத வளையம் கிடைத்ததாகவும், வெறும் அமிலக் குழியைச் சுற்றியும் ஏறக்குறைய அதே வளையம் தெரிந்ததாகவும் எழுதியுள்ளீர்கள். அந்த இரண்டாவது வளையத்தை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. விடை அதில்தான் உள்ளது.

நேர்மின்னூட்டத்தால் பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கும் கைட்டோசான் மிகப் பெரிய மூலக்கூறு என்பதால் அகருக்குள் எளிதில் பரவாது. சிறிய மூலக்கூறான அசிட்டிக் அமிலமோ விரைவாகப் பரவிவிடும். ஆகவே நீங்கள் அளந்தது பெரும்பாலும் அமிலத்தின் விளைவே என்று கருதுகிறேன். பரவும் வேகம் வேறுபடும் பொருள்களின் வலிமையை வளைய அகலத்தால் ஒப்பிடவும் இயலாது.

96 குழித் தட்டில், திரவ ஊடகத்தில், செறிவைப் படிப்படியாகப் பாதியாகக் குறைத்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறியுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் இணையாக அதே அளவு அமிலம் மட்டும் உள்ள குழி கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இச்சோதனைக்கு வழக்கமான ஆர்பிஎம்ஐ 1640 என்ற திரவ ஊடகத்தின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.0, ஏறத்தாழ 6.5-க்கு மேல் கைட்டோசான் மின்னூட்டத்தை இழந்து வீழ்படிவாகிவிடும், அந்தக் கலங்கலைப் பூஞ்சை வளர்ச்சி என்று தவறாக எண்ண நேரும். எனவே பிஎச்சை 6-க்குக் கீழே நிலைப்படுத்தி, ஃப்ளூகோனசோலையும் அதே பிஎச்சில் சோதியுங்கள், ஏனெனில் அதன் திறனும் அமிலத்தன்மையில் மாறும். கலங்கலை மட்டும் நம்பாமல், குழிகளிலிருந்து எடுத்துப் புதிய அகரில் பரப்பி, காலனிகளை எண்ணிவிடுங்கள்.