நாற்பது எழுத்தா, நாற்பது பைட்டா?

கேள்வி: அக்கா, யாழ்ப்பாண நகரில் ஏழு பேர் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகம் ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சந்தேகம் கேட்டால் மூத்தவர்கள் "கூகுளில் தேடிப் பாரும்" என்கிறார்கள். ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்பதையும் எங்களைக் கேட்காமலே முகாமையாளர் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுகிறார். நான் வாயைத் திறக்கலாமா?
- வாசகி, கோப்பாய்

பதில்: திறவும், தங்கச்சி. அதற்கு முன் என் வெட்கக்கேடு ஒன்றைக் கேளும்.

ஒரு கடைக்குப் பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். 'சிவசுப்பிரமணியம்' என்ற பெயர் 'சிவசுப்பிரமணி' என்று வால் அறுந்து வந்தது. அச்சு இயந்திரத்தில்தான் பிழை என்று அடித்துச் சொல்லி, இரண்டு நாள் அதன் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வந்து பதினைந்தே நாளான பொடியன் ஒருவன், தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்று கேட்டான்: "அக்கா, பெயருக்கு நாற்பது என்று இடம் விட்டிருக்கிறீர்களே, அது நாற்பது எழுத்தா, நாற்பது பைட்டா?"

பைட் என்பது கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு. கண்ணுக்கு அந்தப் பெயரில் பத்து எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் 'சி' என்பது சகரமும் இகரக் குறியுமாக இரண்டு. அப்படி எண்ணினால் 16. அவற்றைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்; மொத்தம் 48. நாற்பதுக்குள் அடங்குவது 'ணி' வரைதான்! முதல் நாளே அவன் அதைக் கவனித்திருக்கிறான். என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டானாம்.

அன்றிலிருந்து, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வாசிக்காமல் நாங்கள் மென்பொருளில் சேர்ப்பதில்லை. என்னுடையதை வாசிப்பவர் ஆகப் புதியவர். சில நாட்களில் எரிச்சல் வரும், பொய் சொல்லமாட்டேன். உம்முடைய மூத்தவர்களிடம் சந்தேகம் கேட்பதற்குப் பதிலாக, "உங்கள் நிரலை நான் வாசித்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுப் பாரும். மறுக்கிறவர் குறைவு.

நாள் கணக்குக்காக முகாமையாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் என்ற மென்பொருளாளர் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேலை முறையில் இது தெளிவாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: எது முதலில் வேண்டும் என்பது வாடிக்கையாளர் பாடு, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது எழுதுகிறவர் பாடு. அடுத்த வேலை வரும்போது, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உம்முடைய கணக்கை எழுதி, அவர் தொலைபேசியை எடுக்கும் முன்பே மேசையில் வைத்துவிடும்.

கேள்வி: மென்பொருள் வேலையில் தலைவரையே வாக்குப் போட்டுத் தெரிவு செய்தால் என்ன?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: செய்கிறார்களே! 1993இல் தொடங்கிய, இலவச இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தில் தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அது தன்னார்வலர் கூட்டம், சம்பளம் கொடுக்கும் இடமா என்பீர். ஸ்பெயினில் 2001இல் தொடங்கிய இகாலியா, உழைப்பவர்களே உரிமையாளர்களாக இருக்கும் மென்பொருள் நிறுவனம். பனைத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் நம் ஊருக்கு இதெல்லாம் புதிதா? ஒன்று மட்டும்: சங்கப் பொதுக்கூட்டம் ஒன்றில் கணக்கறிக்கை வாசித்து முடியும்வரை இருந்திருந்தால் உமக்கே தெரியும், வடையும் தேநீரும் ஆயத்தம் செய்யாமல் கூட்டத்தைத் தொடங்கிவிடாதேயும்.