டால்பின், ஓர்க்கா காட்சிகளில் என்ன தவறு? நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார்கள்?

வேளாவேளைக்கு மீன், கூடவே மருத்துவர், அப்புறம் என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டில் குறையில்லை, வாழ்க்கையில்தான் குறை.

ஓர்க்கா என்பது டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. அதில் திலிக்கும் என்ற ஆண் ஓர்க்காவைப் பாருங்கள். 1983-ல் ஐஸ்லாந்து கடலில் பிடித்தபோது அதற்குச் சுமார் 2 வயது, தாயை ஒட்டியே திரிய வேண்டிய வயது. கனடாவில் இருந்த ஒரு காட்சியகத்தில் இரவானால் அதை இரண்டு பெண் ஓர்க்காக்களோடு குறுகலான இருட்டுத் தொட்டியில் அடைத்துவிடுவார்கள், அவை பல்லால் கீறினால் ஒதுங்கக்கூட இடம் கிடையாது, கடலாக இருந்தால் விலகி நீந்திப் போயிருக்கும். 1992-ல் அமெரிக்காவின் ஒர்லாண்டோவுக்குக் கொண்டுபோனார்கள். 2017-ல் சாகும்வரை தொட்டிதான். மூன்று பேரின் சாவில் அதற்குத் தொடர்பு உண்டு. அதற்காக அதைக் கொலைகாரன் என்று பேசும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது, கடலில் வாழும் ஓர்க்காக்களிடம் மனிதர்கள் இப்படிச் செத்ததாக உறுதியான பதிவு இல்லையே.

தொட்டியில் வாழும் ஓர்க்காக்களின் பல்லைப் பாருங்கள். கான்கிரீட் விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்துத் தேய்ந்து உடைந்துபோகும், பிறகு துளைபோட்டு அன்றாடம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள்.

சரி, திறந்துவிட்டால் போதுமா? அதுவும் எளிதில்லை. கெய்க்கோ என்ற ஓர்க்கா 2002-ல் கடலுக்குத் திரும்பியும் மனிதர்களைத் தேடியே வந்தது, 2003-ல் நார்வேயில் இறந்தது. அதனால் இருப்பவற்றைக் கடலோர வலையடைப்பில் வைத்துப் பராமரிக்கலாம், புதிதாகப் பிடிப்பதையும் குட்டி போடவைப்பதையும் உடனே நிறுத்தலாம். சீவேர்ல்ட் என்ற அமெரிக்கக் கடல்விலங்குக் காட்சியக நிறுவனம் 2016-ல் ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியா 2013-லேயே டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது.