பிள்ளையார் கோயில் வாசலில் போக்கிமான்: யாரிடம் சொல்வது?

கேள்வி: எங்கள் தனி வீட்டை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். சாயங்காலம் ஆனால் ஏழெட்டுப் பிள்ளைகள் போனும் கையுமாக எங்கள் கேட்டில் சாய்ந்து நிற்கிறார்கள். கேட்டால் 'போக்கிமான் கோ' என்கிறார்கள். நிறுத்த வழி உண்டா?

பதில்: உண்டு. நிஜமான தெருக்களில் நடந்து, போனில் தெரியும் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் விளையாட்டு அது. அதில் உங்கள் பிள்ளையார் ஒரு 'போக்கிஸ்டாப்' ஆகியிருப்பார். ஆட்டத்துக்கு வேண்டிய பந்து, மருந்தையெல்லாம் அள்ளிக்கொள்ளும் இடம்தான் போக்கிஸ்டாப். போனில் என்னதான் தெரிந்தாலும், உண்மையில் இருப்பது நிறுவனத்தின் சர்வரில் பதிந்த அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். அந்தப் பதிவு போனால் கூட்டமும் போகும்.

முதலில் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ஸ்டாப்பிலிருந்து சுமார் 80 மீட்டருக்குள் நின்றால் போதும், தெருமுனையிலிருந்தே ஆடலாம். உங்கள் கேட்டுக்கு வருவது நிழலுக்காக இருக்கும் என்பது என் ஊகம். தெருவில் போனைப் பார்த்தபடி நிற்பதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் கதை வேறு.

பேசியும் பலனில்லையா? அவர்களில் ஒருவரிடமே ஸ்டாப்பின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் அந்த இடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், அவையும் வேண்டும். விளையாட்டின் உதவிப் பக்கத்தில் இடத்தை நீக்கக் கோரலாம். 'தொல்லை' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. குடியிருக்கும் வீடு, கேட் மறிக்கப்படுகிறது என்று எழுதி, போட்டோவும் இணையுங்கள். கோயில் தரப்பும் எழுதினால் இன்னும் பலம்.

முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2016இல் சிட்னியின் ரோட்ஸ் பகுதியில் ஒரு பூங்காவில் மூன்று ஸ்டாப்கள் அடுத்தடுத்து அமைய, நள்ளிரவு தாண்டியும் கூட்டம். பொறுக்க முடியாமல் அங்கே குடியிருந்தவர்கள் மாடியிலிருந்து தண்ணீர் பலூன் வீசினார்கள் (நீங்கள் வீச வேண்டாம்!). கடைசியில் நிறுவனம் அவற்றை எடுத்தது. அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்தது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் ஸ்டாப் இருந்து, உரிமையாளர் கேட்டால் நீக்குவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அது நம் ஊரில் செல்லாது. ஆனாலும் மனுவில் ஒரு வரி சேர்த்து வையுங்கள்.

அப்புறம், மனுவின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். புது இடங்களைப் பரிந்துரைப்பதே ஆட்டக்காரர்கள்தான். நாளைக்கே வேறொருவர் அதே பிள்ளையாரைப் படமெடுத்து அனுப்பலாம்.