ஆசிரியரின் பெயரில் ஓர் உதவித்தொகை

கேள்வி: எங்கள் வரலாற்று ஆசிரியர் அண்மையில் மறைந்தார். பணி ஓய்வுக்குப் பின் அவர் ஓர் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகவும் இருந்தார். அவர் பெயரில் உதவித்தொகை நிறுவ முன்னாள் மாணவர்கள் நிதி திரட்டி வருகிறோம். வரலாற்றுப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு ஆண்டுதோறும் வழங்கலாம் என்பது பலரின் விருப்பம். தங்கள் கருத்து என்ன?

பதில்: மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் தேர்வுக் குழுவுக்கு வேலை மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் அத்தகைய பரிசை எந்த ஆசிரியரின் பெயரிலும் கொடுத்துவிடலாம். உங்கள் ஆசிரியர் வகுப்பறைக்கும் காட்சிக்கூடத்துக்கும் சேர்ந்தே உழைத்தவர் என்பதால், அருங்காட்சியகத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற விரும்பும் மாணவருக்கு, அதிலும் ஊதியமில்லாத பயிற்சிக்குச் செல்லக் குடும்பச் சூழல் இடங்கொடாத மாணவருக்கு, அத்தொகை போய்ச் சேர வேண்டும் என்பது எம் கருத்து.

அங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ஒரு மண்கலத் துண்டு பதிவேட்டில் ஏறும் விதத்தைப் பார்க்க வேண்டும். அதை அளந்து, எடையிட்டு, நிறத்தையும் விரிசலையும் குறித்து, எங்கே, எந்த மண்ணடுக்கில், யாரால் கண்டெடுக்கப்பட்டது என்று எழுதிய பிறகு, பார்வைக்குப் படாத ஓரத்தில், பின்னாளில் நீக்கக்கூடிய நிறமற்ற பூச்சின் மேல் நுண்ணிய எழுத்தில் அதன் எண்ணைப் பொறித்து, மீண்டும் ஒரு பூச்சுப் பூசுவார்கள். கண்டெடுத்த இடம் பதிவாகாமல் போனால், துண்டு கையில் இருந்தும் அது தரும் சாட்சியத்தின் பெரும்பகுதி போய்விடும். பாடநூலை மனப்பாடம் செய்து முதலிடம் பெற்றவருக்கும் இது புதுப் பாடமாகவே இருக்கும்.

பள்ளியும் அருங்காட்சியகமும் அண்டை வீடுகள் என்பது இன்று நேற்று வந்த எண்ணமன்று. 1925-இல், இன்றைய ஈராக்கில் உள்ள ‘ஊர்’ (Ur) என்னும் பண்டைய நகரத்தை அகழ்ந்த பிரித்தானியத் தொல்லியலாளர் லியோனார்ட் வூல்லி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றில், வெவ்வேறு காலத்துப் பொருள்கள் ஒருங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்ததையும், பழைய கல்வெட்டு வாசகத்தைப் படியெடுத்து விளக்கிய களிமண் உருளை ஒன்று அவற்றோடு இருந்ததையும் கண்டார். அதை ஒரு பள்ளியை ஒட்டியிருந்த அருங்காட்சியகம் என்றே அவர் கருதினார்.

இனி நிபந்தனைகள். அன்பின் மிகுதியில் அவற்றை அடுக்கிவிடாதீர்கள். எழுதிவைத்தவர்கள் மறைந்த பிறகு அவற்றைத் திருத்துவது பெரும்பாடு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கான ரோட்ஸ் உதவித்தொகையைத் தம் உயிலால் நிறுவிய செசில் ரோட்ஸ் 1902-இல் மறைந்தார். அந்த உயில் ஆண்களுக்கு மட்டுமே உதவித்தொகை என்று வரையறுத்திருந்ததால், பிரித்தானியச் சட்டம் வழிவிட்ட பின்னர், 1977-இல்தான் பெண்களால் அதைப் பெற முடிந்தது. நோக்கத்தைத் தெளிவாகவும், தகுதியை விரிவாகவும், காலத்துக்கேற்ப விதிகளை மாற்றும் அதிகாரத்தை ஒரு குழுவிடமும் எழுதிவைப்பதே நல்லது. அக்குழுவில் ஆசிரியரின் உறவினர் ஒருவர் இருக்கலாம். உறவினர்களே குழுவாகிவிடக் கூடாது.

கேள்வி: முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் நடத்தினால் உதவித்தொகை என்றென்றும் நிலைக்கும் அல்லவா?

பதில்: பெயர் நிலைக்கும், தொகை தேய்ந்துகொண்டே போகும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். எனவே கிடைக்கும் வருவாய் முழுவதையும் செலவிடாமல் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவர வேண்டும். பல அறக்கட்டளைகள் நிதியின் மதிப்பில் 4 அல்லது 5 விழுக்காட்டுக்கு மேல் ஓர் ஆண்டில் எடுப்பதில்லை. அந்தக் கணக்கில் வரும் தொகை ஒரு மாணவரின் பயிற்சிக் காலச் செலவுக்குப் போதாது எனில், இரண்டாண்டுக்கு ஒருமுறை வழங்குங்கள். அல்லது பத்தாண்டுகளில் முதலையும் சேர்த்துச் செலவிட்டு முடிப்பது என்று தொடக்கத்திலேயே நன்கொடையாளர்களிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் ஒரு சான்றிதழும் பெயரளவுக்கு ஒரு தொகையும் தருவதைவிட அது மேல்.